கோடை முகாமும் குழந்தைகளின் களிப்பும்

முகாம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே கடையத்துச் சிற்றூர்த் தாய் ஒருத்திக்கு நினைவில் எழுவது யாது? நடக்கவியலா மகவை இடுப்பிற் சுமந்து, காலை முதல் வரிசையில் நின்று, மருத்துவர் சான்றும் அடையாள அட்டையும் சக்கர நாற்காலிக்குரிய அளவும் பெற்று மீளும் நாளே. அத்தகைய முகாம்கள் வேண்டற்பாலனவே. அவற்றை நாம் குறை கூறேம். ஆயினும் அங்கே குழந்தை சிரிப்பதற்கு இடமில்லை. நாம் ஈண்டுக் கூறப்புகுவது, பள்ளி விடுமுறையில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் கூடவே வந்து, இரண்டு மூன்று நாள் தங்கி, உண்டு விளையாடி உறங்கும் முகாமாகும்.

களிப்புக்கு ஒரு முகாமா என வினவுவாருளர். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கலையிலும் பொழுதுபோக்கிலும் பங்குபெறுதலைத் தனிப்பிரிவொன்றில் உரிமையாகவே வகுத்துள்ளது. முன்னாளில் அங்கவீனர் என்றழைத்தோம். பின்னர் ஊனமுற்றோர் என்றோம். பெயரை மாற்றிய விரைவில் நம் நோக்கை மாற்றினோமல்லேம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் விளங்குவதை நம் மாணவர் அறிவர். திரு. எஸ். இராமகிருஷ்ணன் 1975 இல், பொறியியல் மாணவராயிருக்கையில், கடற்படை அதிகாரித் தேர்வில் வீழ்ந்து, கழுத்துக்குக் கீழ் உடல் வழங்காதவரானார். 1981 இல், அதாவது உலக ஊனமுற்றோர் ஆண்டில், அவர் இச்சங்கத்தைத் தொடங்கித் தமக்கு மருத்துவம் புரிந்த அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு இட்டார். தசைச் சிதைவு நோயுற்ற கணக்காய்வாளர் திரு. எஸ். சங்கரராமன் 1992 இல் உடன் சேர்ந்தார். சங்கத்தார் வீடு தேடிச்சென்று தாய்க்கும் பயிற்சியளிப்பர். குழந்தையைக் குடும்பத்தினின்று பிரித்து நோக்கலாகாது என்பதே நாம் அங்குக் கற்கும் பாடம்.

இதனாலேயே குடும்பம் முழுதும் முகாமுக்கு வருதல் வேண்டும் என்கிறோம். நலமுள்ள தங்கை, அண்ணனுக்குச் சோறூட்டும் பொறுப்பைச் சிறுவயதிலேயே ஏற்றவள், அங்கே ஒருநாளேனும் வெறுஞ் சிறுமியாய்ப் பாண்டி ஆடலாம். தன் மகனைப் போன்ற வேறொரு மகனை வளர்க்கும் தந்தையைக் கண்டு பேசிய தந்தைக்கு, மருத்துவர் உரையினும் அப்பேச்சே தெம்பளிக்கும்.

அமெரிக்க நாட்டில் 1951 முதல் 1977 வரை நடந்த ஜெனெட் என்னும் கோடை முகாமில் இளமையைக் கழித்த ஜூடித் ஹியூமன் முதலியோர், 1977 இல் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகமொன்றில் ஏறக்குறைய ஒரு திங்கள் அமர்ந்து போராடித் தம் உரிமையைப் பெற்றனர். விளையாடிய கூட்டமே பின்னர் உரிமை கேட்ட கூட்டமாயிற்று.

முகாமுக்குத் தொண்டாற்றச் செல்லும் மாணவர் சிலவற்றை நினைவிற் கொள்க. மே மாதத்துக் குற்றாலம் பெரும்பாலும் வறண்ட பாறையே. சாரல் ஜூனில்தான் தொடங்கும். ஆதலின் அருவியைக் காட்டுவோமென வீண்வாக்குக் கொடாதீர். தொட்டி நீரே போதும். வலிப்பு வருங் குழந்தையை நீரருகில் ஒருகணமும் தனியே விடாதீர். குழந்தையைப் பற்றிய வினாவைத் தாயிடமன்றிக் குழந்தையிடமே கேளுங்கள். விடை தாமதித்து வரினும் காத்திருங்கள். பிற்பகலில் ஒரு தாய் பாயில் அயர்ந்து உறங்கக் கண்டால், அவள் மகவை மெல்ல வேப்பமர நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவளை எழுப்ப வேண்டா.