ஒரே பெயரில் பாட்டனாரும் பேரரும்

அமெரிக்க நாட்டவர் சிலரின் பெயருக்குப் பின்னே 'ஜூனியர்' என்ற சொல்லையோ, இரண்டு மூன்று கோடுகளாய் நிற்கும் உரோம எண்ணையோ தாங்கள் கண்டிருப்பீர்கள். மன்னர்களைப் போல் சூடிக்கொண்ட பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே பெயருடையோரைப் பிரித்தறிய எழுந்த வழக்கமே அது.

தந்தையின் முழுப்பெயரும் மாறாமல் மகனுக்கு இடப்பட்டால் மகன் ஜூனியர், தந்தை சீனியர். அதே பெயர் பேரனுக்கும் வாய்த்தால் அவர் மூன்றாமவர். தந்தையின் பெயரையன்றிப் பாட்டனாரின் பெயரையோ, தந்தையின் உடன்பிறந்தாரின் பெயரையோ பெற்றவர் இரண்டாமவர். நடுப்பெயர் ஒன்று குறைந்தாலும் முறைப்படி ஜூனியர் ஆகார். அதிபராயிருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ்ஷின் மகன் ஜார்ஜ் வாக்கர் புஷ் ஜூனியர் அல்லர். 'ஹெர்பர்ட்' அவர் பெயரில் இல்லை. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலீயோ, 1942இல் பிறந்தபோது தந்தையின் பெயரையே பெற்றுக் காசியஸ் மார்செல்லஸ் கிளே ஜூனியர் ஆனார். 1964இல் அப்பெயரைத் துறந்தபோது ஜூனியரும் உடன் நீங்கிற்று.

நம் முன்னோருக்கும் இச்சிக்கல் புதிதன்று. மாமேதை இப்னு ருஷ்து ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் 1126இல் பிறந்தார். அவ்வாண்டே மறைந்த அவருடைய பாட்டனாரும் அந்நகரின் புகழ்பெற்ற காழி. இருவருமே அஹ்மதின் மகன் முகம்மது! 'அபுல் வலீத்' எனும் குன்யத்தும் இருவருக்கும் ஒன்றே. ஆகவே, முன்னவரைப் 'பாட்டனார்' எனப் பொருள்படும் 'அல்ஜத்து' என்றும், பின்னவரைப் 'பேரர்' எனப் பொருள்படும் 'அல்ஹஃபீது' என்றும் அறிஞர்கள் வேறுபடுத்தினர்.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். அஹ்மது மகன் முகம்மது, அவர் மகன் அஹ்மது, அவர் மகன் மீண்டும் முகம்மது எனப் பெயர் சுழலும்போது, பாட்டனாரும் பேரரும் 'அ. முகம்மது' என ஒரே தலைப்பெழுத்தோடு நிற்கின்றனர். வீட்டில் இதனால் குழப்பமில்லை. ஆனால் பத்திரத்தில்? பட்டாவில்? பாகப்பிரிவினை நாளில் ஏட்டிலுள்ள பெயர் எவருடையது என்ற வினா எழுந்தால், உடன்பிறந்தார் உறவே முறியக்கூடும் அல்லவா?

இதற்காகப் பாட்டனார் பெயரை விட்டுவிட வேண்டுவதில்லை. ஆவணம் எழுதுகையில் தலைப்பெழுத்தோடு நிறுத்தாமல், தந்தை, பாட்டனார் பெயர்களை முழுமையாக எழுதச் செய்யுங்கள். பிறந்த ஆண்டையும் சேருங்கள். பெயர்கள் சுழலலாம், ஆண்டு சுழலாது. பழைய பத்திரங்களில் உள்ள பெயர் யாருடையது என்பதை, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.