உடைந்த ஸிப் கோப்புக்குள் அம்மாவின் பாட்டு

கடந்த மாதம் அம்மாவின் திவசம். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட இருந்தபோது, அவர் பாடிய தேவாரத்தைப் போடலாம் என்று அலுமாரிக்குள் இருந்த பழைய இறுவட்டைத் தேடி எடுத்தேன். இப்போதைய மடிக்கணினிகளில் இறுவட்டுப் போட இடமே இல்லை. மகன் நண்பனிடம் ஒரு வெளிக்கருவி இரவல் வாங்கி வந்து கொழுவினான். தட்டில் ஒரேயொரு ஸிப் கோப்பு இருந்தது. திறந்தால், 'இது செல்லுபடியான சுருக்கக் கோப்பு அல்ல' என்றது கணினி. படியெடுக்கப் பார்த்தோம். 90 வீதத்துக்கு மேலே போய் நின்று, பிழை காட்டி, எடுத்ததையும் அழித்துவிட்டது.

"அப்பா, இது பழுதாப் போச்சு. இனி ஒண்டும் செய்யேலாது, எறிஞ்சுவிடுங்கோ" என்றான்.

அவன் சொன்னது பிழை. ஏன் பிழை என்று விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று கிழமை எடுத்தது. இப்படி ஒரு இறுவட்டோ, பழைய வன்தட்டில் கிடக்கும் ஒரு ஸிப் கோப்போ எங்களில் பல வீடுகளில் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கோப்பின் கதை இதுதான். அம்மா ஊரில் இருந்தபடி எங்களுக்காகப் பாடிப் பதிந்து, வருபவர்களிடம் கொடுத்துவிட்ட ஐந்து கசெற்றுகள். ஒவ்வொன்றும் 90 நிமிடம். தேவாரம், கீர்த்தனை, தாலாட்டு, இடையிடையே பேச்சு. அம்மா 2002இல் காலமானார். 2004இல் ஜேர்மனியில் இருக்கும் அத்தான் அவற்றை எம்பி3 ஆக மாற்றி, 64 துண்டுகளாகப் பிரித்து, ஒரே ஸிப் கோப்பாகக் கட்டி, இறுவட்டில் பதிந்து சகோதரர்கள் நான்கு பேருக்கும் ஒவ்வொன்று அனுப்பினார். மூலக் கசெற்றுகள் பின்னர் வீடு மாறும்போது தொலைந்துபோயின. இனி இருப்பது அந்தத் தட்டுகள் மட்டும்.

ஸிப் என்பது 1989இல் அமெரிக்கரான பில் காட்ஸ் உருவாக்கிய முறை. அதற்குள் ஒவ்வொரு பாட்டும் தனித்தனிப் பொட்டலமாக, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் 'பி', 'கே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை அவருடைய பெயரின் முதலெழுத்துகள். மனிதர் 2000ஆம் ஆண்டில் 37 வயதிலேயே இறந்துவிட்டார். எழுத்துகள் மட்டும் உலகம் முழுக்க இன்னும் ஓடித்திரிகின்றன. எல்லாப் பொட்டலங்களும் முடிந்த பிறகு, கோப்பின் கடைசியில் ஒரு அட்டவணை வரும்: எந்தப் பாட்டு, எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம்.

சாதாரண மென்பொருள் ஸிப் கோப்பைத் திறக்கும்போது முன்னாலிருந்து வாசிப்பதில்லை. நேரே கடைசிக்குப் போய் அட்டவணையைத் தேடும். அது கிடைக்காவிட்டால், 'இது ஸிப் கோப்பே அல்ல' என்று கைவிரித்துவிடும். இணையத்திலிருந்து இறக்கும்போது பாதியில் அறுந்துபோன கோப்புக்கும் இதே கதிதான். எங்கள் கோப்பு ஏறத்தாழ 650 மெகாபைட். அதில் அட்டவணை 5, 6 கிலோபைட் இருந்தால் பெரிது. அந்தச் சிறு துண்டு வாசிபடாததால்தான் 64 பாட்டும் இல்லை என்று கணினி சொன்னது.

அது ஏன் சரியாக அட்டவணையில் போய்ப் பழுதாக வேண்டும்? இறுவட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருள் வடிவில் எழுதப்படுகிறது. தட்டு நிறையப் பதிந்திருந்தால் கோப்பின் கடைசிப் பகுதி வெளி விளிம்புக்கு அருகில் வந்துவிடும். நாங்கள் கைபிடிப்பதும், உறைக்குள் உரசுவதும் அந்த விளிம்புதான். இன்னொன்று, பலரும் நினைப்பதுபோல அடிப்பக்கக் கீறல்தான் பெரிய ஆபத்து என்றில்லை. அடியில் 1.2 மில்லிமீற்றர் தடிப்பில் பிளாஸ்ரிக் காவல் இருக்கிறது. கீறலை மினுக்கியும் எடுக்கலாம். பெயர் எழுதும் மேல்பக்கத்தில்தான் மெல்லிய பூச்சுக்குக் கீழே உடனேயே தகவல் படலம். அங்கே கூர்முனைப் பேனையால் எழுதினாலோ, ஒட்டிய தாளை உரித்தாலோ, போனது போனதுதான்.

ஆகவே முதல் வேலை பாட்டை எடுப்பது அல்ல, தட்டை முழுதாகப் படியெடுப்பது. விண்டோசின் சாதாரண படியெடுப்பு ஒரு இடத்தில் தடக்குப்பட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடும். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் அப்படியல்ல. வாசிக்க முடிந்ததை முதலில் எடுக்கும், முடியாத இடங்களைக் குறித்துவைக்கும், பிறகு திரும்பத் திரும்பப் போய் முயலும். லினக்ஸை யுஎஸ்பியில் போட்டு, கணினியில் உள்ள எதையும் மாற்றாமலே ஓட்டலாம். கட்டளை எழுதப் பழக்கமில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில், 'ஒண்டும் செய்யேலாது' என்றவனே ஒரு இரவு முழுக்க இருந்து செய்தான். இதற்குப் பிறகு எல்லா வேலையும் அந்தப் படியில்தான். பழுதடைந்த கோப்பு வன்தட்டிலேயே இருந்தாலும், பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கைவையுங்கள்.

அட்டவணை போன ஸிப்பைத் திறக்க 7-ஸிப் என்ற இலவச மென்பொருள் பல நேரம் போதும். அது பொட்டலத் தலைப்புகளைத் தானே தேடிப் பார்த்து, எச்சரிக்கையோடு பட்டியல் காட்டும். அதுவும் மறுத்தால், லினக்ஸிலும் மாக்கிலும் ஓடும் 'ஸிப்' கட்டளையில் இரண்டு பெரிய 'எஃப்' போடும் ஒரு தெரிவு இருக்கிறது. கோப்பை முன்னாலிருந்து கடைசிவரை தடவி, 'பி', 'கே' தலைப்புகளைக் கண்டுபிடித்து, புதிய அட்டவணையோடு வேறொரு கோப்பை எழுதித் தரும். 'இது ஒரே தட்டில் உள்ள கோப்பா' என்று கேட்டால் ஆம் என்று சொல்லவேண்டும். எங்கள் படியில் இதைச் செய்ததும் பெயர்கள் வரிசையாக விழுந்தன. 64 பெயரும் இருந்தன.

ஆனால் நான்கு பாட்டில் பிழை காட்டியது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சோதனை எண் உண்டு. கோப்பைக் கட்டும்போது அதன் ஒவ்வொரு பைட்டையும் வைத்துக் கணக்கிட்டுத் தலைப்பில் எழுதிவிடுவார்கள். பிரிக்கும்போது திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள். ஒரு பைட் மாறியிருந்தாலே எண் பொருந்தாது. பொருந்தவில்லை என்றால் சில மென்பொருள்கள் அந்தப் பாட்டை முழுதாக அழித்துவிடும். அதை அனுமதிக்கக் கூடாது. 7-ஸிப் பழுதான கோப்பையும் விட்டுவைக்கும். வின்ராரில் 'உடைந்த கோப்புகளை வைத்திரு' என்ற கட்டத்தில் சரி போடவேண்டும்.

பழுதான பாட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பது, அது எப்படிக் கட்டப்பட்டது என்பதில் தங்கியிருக்கிறது. சுருக்கிக் கட்டியிருந்தால், உள்ளே வருவது முன்னால் வந்ததைச் சுட்டிக்காட்டியே எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஓர் இடம் கெட்டால் அதற்குப் பிறகு பெரும்பாலும் எதுவும் தேறாது. சுருக்காமல் அப்படியே அடுக்கியிருந்தால் கெட்ட இடம் மட்டும்தான் நட்டம். அத்தானுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"அப்ப என்ரை கொம்பியூட்டர் சரியான ஸ்லோவடா. சுருக்கச் சொன்னால் விடியும். அதாலை சுருக்காமல் அப்பிடியே போட்டனான்" என்றார்.

அவருடைய பொறுமையின்மைக்கு அன்றைக்கு மனதார நன்றி சொன்னேன். உண்மையில் எம்பி3ஐ ஸிப்பில் சுருக்கி எந்த லாபமும் இல்லை. அது ஏற்கெனவே சுருங்கிய ஒலி. இன்னும் ஓரிரு வீதம் குறைந்தால் பெரிது.

எம்பி3இன் அமைப்பும் எங்களுக்குச் சாதகமானது. அது ஒரே நீளக் கயிறு அல்ல, மாலை. செக்கனுக்கு ஏறத்தாழ 38 சிறு துண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு அடையாளம். ஒன்று கெட்டால் இயக்கி அடுத்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துத் தொடரும். தட்டில் ஒரு கட்டம் 2048 பைட். அத்தான் பதிந்த 192 கிலோபிற் தரத்தில் அது செக்கனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கட்டமொன்று வாசிபடாமல் போனால் காதுக்கு ஒரு சிறு 'டிக்'. நான்கில் மூன்று பாட்டு அப்படித்தான் வந்தன. நான்காவதில் மட்டும், கெட்ட கட்டங்கள் பல சேர்ந்துவிட்டதால், கிட்டத்தட்ட ஒன்பது செக்கன் வெறுமை.

அதற்கு மருந்து பாரிஸில் இருந்தது. தங்கச்சியிடமும் அதே தட்டு உண்டு. காருக்குள் கிடந்து அவளுடையது என்னுடையதைவிட மோசம். ஆனால் கீறல்கள் வேறு இடத்தில். ஒரே மூலத்திலிருந்து பதிந்த தட்டுகள் என்றால், முதல் தட்டில் குறித்துவைத்த வெற்றிடங்களை மட்டும் இரண்டாவது தட்டிலிருந்து நிரப்ப டிடிரெஸ்கியூவால் முடியும். தபாலில் வந்த தட்டைப் போட்டோம். வெறுமை நிரம்பியது. ஆகவே உங்கள் பிரதி பழுது என்றால், உடனே மனம் விடாமல் குடும்பத்துக் குழுமத்தில் ஒரு செய்தி போடுங்கள். 'என்னட்டையும் இருக்கு, ஆனால் வேலை செய்யாது' என்று ஒருவர் சொன்னால் அதுவும் நல்ல செய்திதான்.

உங்களுடையது ஆர்ஏஆர் கோப்பு என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. அதில் எல்லாப் பாட்டையும் ஒரே தொடராகச் சேர்த்துச் சுருக்கும் வழி உண்டு. அப்படிக் கட்டியிருந்தால் ஒரு பாட்டில் ஏற்பட்ட பழுது பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுத்துவிடலாம். 7-ஸிப்பின் சொந்த வடிவம் வழமையாகவே அப்படித்தான் கட்டும். மறுபக்கம், ஆர்ஏஆர் கட்டும்போது 'மீட்புப் பதிவு' சேர்த்திருந்தால் வின்ராரின் பழுதுபார்க்கும் வசதி இழந்ததைத் திரும்பக் கணித்தே எடுத்துவிடும். அது சேர்க்கப்பட்டதா என்று கட்டியவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

எல்லாக் கோளாறும் பழுது அல்ல. தமிழில் வைத்த பெயர்கள் கோடும் கட்டமுமாகத் தெரிந்தால், பழைய மென்பொருளுக்கு யுனிகோட் விளங்கவில்லை என்று பொருள். உள்ளே பாட்டு நலமாக இருக்கும். பாட்டுப் பட்டியல் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால், பாமினியில் எழுதியிருப்பார்கள். அதில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் நிற்கும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. எங்கள் மூன்றாவது கசெற்றில் அம்மாவின் குரல் ஏறி இறங்கும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், தம்பி சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்க, டைனமோவில் ஓடிய ரேப்பில் பதிந்தது அது. அவன் களைத்த இடமெல்லாம் கேட்கிறது. அதைத் திருத்தவேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

'பழுதான கோப்பைப் பதிவேற்றுங்கள், திருத்தித் தருகிறோம்' என்று காசு கேட்கும் தளங்கள் நிறைய. வீட்டாரின் குரலை முன்பின் தெரியாத இடத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டியதில்லை. மேலே சொன்னவை எல்லாம் இலவசம், வின்ரார்கூட சோதனைக் காலத்தில் இலவசமாகவே இயங்கும். மீட்ட பாட்டுகளை நாங்கள் இப்போது ஸிப்பில் கட்டவில்லை. சாதாரண கோப்புறையில், இரண்டு வன்தட்டுகளில், இரண்டு நாடுகளில் வைத்திருக்கிறோம். கூடவே 'பார்2' என்ற மீட்புக் கோப்புகளையும் பத்து வீதம் அளவுக்குச் சேர்த்திருக்கிறோம். நாளைக்கு அந்த அளவுக்குள் எது கெட்டாலும் அதிலிருந்து திரும்ப உருவாக்கலாம். ஊர்ப் பாடல், கூத்து, பொதுவில் பகிரத் தக்க குரல் ஏதும் உங்களிடம் இருந்தால், நூலக நிறுவனத்தின் ஆவணகத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

எனக்குக் கடைசிவரை ஒரு பாட்டில் சந்தேகம் தீரவில்லை. 64ஆவது. தாலாட்டு. இரண்டாவது அடியில், ஒரு சொல்லின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. கோப்பின் கடைசிப் பாட்டு, விளிம்புக்கு மிகக் கிட்டவாக இருந்தது. அதனால் அங்கே ஏதோ போய்விட்டது என்று நினைத்து, தங்கச்சியின் தட்டைத் தனியாகவும் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே சொல்லில் நின்றது. சோதனை எண் பொருந்தியது. ஒரு பைட்டும் குறையவில்லை என்று மென்பொருள் மூன்று தரம் சொன்னது, நான்தான் நம்பவில்லை. திரும்பவும் அத்தானுக்கு எடுத்தேன்.

"அத்தான், கடைசிப் பாட்டு அரைவாசியிலை நிக்குது."

"அது ஐஞ்சாவது கசெற்றின்ரை மற்றப் பக்கம். அதிலை ரேப் முடிஞ்சுபோச்சு" என்றார். "மாமி அது தெரியாமல் பாடிக்கொண்டே இருந்திருப்பா."