நீர்க்காகமா, பாம்புத்தாராவா? எலும்பில் தேடும் விடை

புத்தளம் களப்பில் நட்டிருக்கும் கம்புகளில் சிறகை விரித்து வெயில் காயும் கறுப்புப் பறவைகளைப் பொதுவாக நீர்க்காகம் என்றே சொல்கிறோம். ஆனால் இலங்கையில் நீர்க்காகங்கள் மூன்று இனம்: சின்னது, இந்திய நீர்க்காகம், பெரியது. உயிருள்ள பறவையில் உருவமும் கண்ணின் நிறமும் காட்டிக்கொடுத்துவிடும். கற்பிட்டி மணலில் காய்ந்து கிடக்கும் எலும்புக்கு நிறம் ஏது?

அப்போது மண்டையோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

நீர்க்காகத்தின் அலகு நுனி கொக்கிபோல் கீழே வளைந்திருக்கும். அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய பறவையான பாம்புத்தாராவின் அலகோ ஈட்டிபோல் நேரானது; மீனைக் குத்திப் பிடிக்க அதற்கு அதுதான் வசதி. நீர்க்காக மண்டையோட்டின் பின்புறத்தில் முள்போல ஒரு சிறு எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். தாடையை இறுக்கும் தசை அதில்தான் பற்றிக்கொள்கிறது. குஞ்சில் இது முழுதாக வளர்ந்திருக்காது. காய்ந்த எலும்பில் கழன்றும் போகும். எனவே அது இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

மண்டையோட்டில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. கடற்பறவைகளுக்கு உப்பை வெளியேற்றத் தலையில் தனிச் சுரப்பி இருக்கிறது. குனுட் ஷ்மித்-நீல்சனும் சகாக்களும் இதை நீர்க்காகத்தில்தான் ஆராய்ந்து 1958-ல் வெளியிட்டார்கள். கடற்புறாவின் மண்டையில் கண்ணுக்கு மேலே பிறை வடிவப் பள்ளங்களைக் கண்டால் அது இந்தச் சுரப்பியின் இருக்கை. நீர்க்காகத்துக்குச் சுரப்பி கண்குழிக்குள் இருப்பதால் மேலே அப்படிப் பள்ளம் தெரியாது.

இதுவரை சுலபம். மூன்று நீர்க்காகங்களுக்குள் எது என்பதுதான் சிக்கல். சின்னதன் அலகு கட்டை, இந்திய நீர்க்காகத்தின் அலகு நீண்டு மெலிந்தது, பெரியதன் அலகு பருமனானது. ஆனால் ஆணும் பெண்ணும், இளசும் முதிர்ந்ததும் அளவில் மாறுபடும். ஒற்றை அளவை நம்பாமல், அலகின் நீளத்தை மண்டையின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

எலும்பை மட்டும் நம்பினாலும் வழி தவறலாம். டக்ளஸ் சீகல்-காசி 1988-ல் நீர்க்காக இனங்களின் எலும்புகளை நுணுக்கமாக ஒப்பிட்டு அவற்றின் உறவுமுறையை வரைந்தார். பின்வந்த மரபணு ஆய்வுகள் அதில் பலவற்றை மாற்றிவிட்டன. சின்ன நீர்க்காகம் சேர்ந்த கிளை மற்றவற்றிலிருந்து முதலிலேயே பிரிந்தது என்று காட்டின. ஆனால் இந்தத் திருத்தம் உறவுமுறைக்குத்தான். கையிலுள்ள எலும்பு எந்தப் பறவையுடையது என்று சொல்ல மண்டையோடு இன்றும் உதவும்.

கரையில் ஒன்றைக் கண்டால் எடுத்துப் போக வேண்டாம். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துவைத்தால் ஆய்வாளருக்கு அது போதும்.