குடியிருக்க ஒரு வீடு

"வீடு வாடகைக்கு விடப்படும்" என்ற பலகையைக் கண்டு நாம் கதவைத் தட்டுகிறோம். அறைகளைக் காட்டுமுன் வீட்டுக்காரர் கேட்பது, "தாங்கள் என்ன ஜாதி?" என்பதே. நேரே கேட்கக் கூசுகிறவர், "மாமிசம் உண்பதுண்டோ?" என்று சுற்றி வளைப்பார். பதில் பிடிக்காவிடில், "நேற்றே வேறொருவருக்குப் பேசி முடிந்துவிட்டது" என்பார். இதைத் தடுக்கச் சட்டம் உண்டா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி வெகுகாலம் வழக்காடப்பட்டது. ஸெயின்ட் லூயிஸ் நகரில் ஒரு தெருவின் சொந்தக்காரர்கள், கறுப்பின மக்களைக் குடியேற விடுவதில்லை என்று 1911-இல் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். 1945-இல் அத்தெருவில் வீடு வாங்கிய ஷெல்லி குடும்பத்தார் மீது அயலார் வழக்குத் தொடுத்தனர். இத்தகைய உடன்படிக்கையைச் சர்க்கார் நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948-இல் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆயினும் வீட்டுக்காரரின் மறுப்பையே குற்றமாக்கும் சட்டம் வர மேலும் இருபது வருஷம் சென்றது. 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் அச்சட்டம் கையெழுத்தாயிற்று. நிறம், மதம் முதலியவற்றைக் காட்டி வீட்டை மறுத்தலும், அவ்வாறு விளம்பரம் செய்தலும் அதனால் தடுக்கப்பட்டன.

நமது நாட்டின் நிலை என்ன? அரசியல் சட்டத்தின் 15-ஆம் விதி கடையையும் ஹோட்டலையும் கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. வாடகை வீட்டை அது சொல்லவில்லை. தீண்டாமையைக் காரணமாக்கிக் குடியிருப்பைத் தடுப்பது 1955-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். எச்.ஐ.வி. நோய்த்தொற்று உள்ளவர்களுக்கு 2017-ஆம் வருஷச் சட்டமும், திருநங்கையர் முதலியோருக்கு 2019-ஆம் வருஷச் சட்டமும் வாடகை வீட்டில் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆனால் மதத்தைக் காட்டி மறுக்கும் தனி மனிதரைத் தடுக்க அகில இந்தியச் சட்டம் ஏதுமில்லை. ஆமதாபாத்தில் ஒரு பார்ஸி வீட்டுச் சங்கம் பார்ஸிகளையே அங்கத்தினராகச் சேர்க்கலாம் என்று 2005-இல் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 15-ஆம் விதி சர்க்காரைக் கட்டுப்படுத்துமே அன்றி, தனியார் சங்கத்தை அல்ல என்பது அதன் கருத்து.

சிறுபான்மையோர் தம் பண்பாட்டைக் காக்கச் சேர்ந்து வாழ விரும்புவதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் தெருவை அடைத்துக்கொண்டால், எல்லோருக்கும் பொதுவான ஊர் எங்கே மிஞ்சும்? வாடகையைத் தவறாமல் கொடுப்பாரா, வீட்டைச் செம்மையாக வைத்திருப்பாரா என்று விசாரிப்பது வீட்டுக்காரரின் நியாயமான உரிமை. பிறப்பை விசாரிப்பது அவ்வுரிமையில் அடங்காது. சட்டசபை இதைச் சொல்ல வேண்டும். அதுவரையில், வாடகைக்கு வீடு வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் அந்த ஒரு கேள்வியைக் கேளாதிருக்கலாம் அல்லவா?