லெப்டொப்பில் தேநீர் சிந்தினால்…

பேராதனையில் ஒரு தேநீர்க் கடை. எழுதிக்கொண்டிருந்த லெப்டொப்பில் பால் தேநீர் கவிழ்ந்தது. திரை அணையவில்லை. கட்டுரையைச் சேமித்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன், அதுதான் பிழை.

ஈரத்தோடு மின்சாரமும் சேரும்போதுதான் சுற்றுப்பலகை வேகமாக அரிக்கும். பவர் பொத்தானை அழுத்திப்பிடித்து உடனே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, திறந்தபடியே குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள். ஐபோனுக்கே அது வேண்டாமென்று அப்பிள் 2024இல் சொன்னது. அரிசித் துகள்கள் உள்ளே போகும். கண்டி மழைக்காலத்தில் துணியே காயாது, லெப்டொப் எங்கே காயும்?

வெறும் தண்ணீரென்றாலும் பரவாயில்லை. பாலும் சீனியும் ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுக்கும். திறந்து ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடைத்தெடுக்க வேண்டும், அதுவும் ஓரிரு நாளுக்குள்.

என்னுடையது மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு பழுதுபார்ப்பவர் திறந்து காட்டினார்: பலகையெங்கும் பச்சைக் களிம்பு.