வெற்றுத் தாளின் அளவை

ஏட்டுச் சுவடிக் காலத்தில் எழுதுபொருளின் அளவைத் தீர்மானித்தது பனைமரமேயாம். ஓலையின் அகலம் பெரும்பாலும் இரண்டு மூன்று விரலளவுக்கு மேற் செல்லாமையால், எழுத்தும் அவ்வகலத்துக்கு அடங்கியே ஓடிற்று. தாள் அத்தகைய இயற்கைக் கட்டுக்கு உட்பட்டதன்று. அதனை வேண்டியவாறு ஆக்கலாம், வேண்டியவாறு வெட்டலாம். அங்ஙனமிருக்க, இன்று பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஏ4 என வழங்கும் தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையதாய் அமைந்தது ஏன்? அகலம் 200, நீளம் 300 என வைத்தலாகாதோ என்று ஒரு மாணவன் வினவுவானாயின், அவ்வினா எள்ளி நகைக்கற்பாலதன்று.

விடை காண்பதற்குப் பழைய புல்ஸ்காப் தாளை முதற்கண் நோக்குதல் நன்று. கோமாளி அணியுங் குல்லாயின் வடிவம் ஒருகாலத்தில் நீர்க்குறியாக அதில் இடப்பட்டமையால் அப்பெயர் எய்திற்று. அதன் முழுத்தாள் 17 அங்குல நீளமும் 13½ அங்குல அகலமும் கொண்டது. நீளத்தை அகலத்தால் வகுக்க 1.26 வரும். அதனை நடுவே மடித்தால் 13½ அங்குலமும் 8½ அங்குலமும் ஆகி, விகிதம் 1.59 ஆகிவிடுகின்றது. மீண்டும் மடிக்க 1.26 ஆகின்றது. இவ்வாறு மடிக்குந்தோறும் தாள் ஒருமுறை அகன்றும் மறுமுறை ஒடுங்கியும் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டே செல்லும். ஆதலின் முழுத்தாளில் வரைந்த ஒரு தேசப்படத்தை அரைத்தாளிற் சிறிதாக்கி வரையப் புகுவோர், ஒருபுறம் வெற்றிடம் வீணாகுதலைத் தவிர்க்க முடியாது.

எத்துணை முறை மடித்தாலும் வடிவம் மாறாத தாள் ஒன்று உண்டோ என்பதே இங்கு எழும் வினா. ஜேர்மனியிலுள்ள கெற்றிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிக்டன்பேர்க் இவ்வினாவை அட்சரகணிதம் பயின்ற ஓர் இளைஞனுக்குக் கொடுத்தார். விடை கண்டபின், கத்தரிக்கோலை எடுத்துச் சாதாரண எழுதுதாள் ஒன்றை அவ்விகிதத்துக்கு வெட்ட முற்பட்டபொழுது, அத்தாள் முன்னரே அவ்விகிதத்தில் அமைந்திருத்தலைக் கண்டு வியப்பும் மகிழ்ச்சியும் அடைந்தார். இச்செய்தியை 1786 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25 ஆந் திகதி பெக்மன் என்னும் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கூறியுள்ளார். தாளாக்குந் தொழிலாளர் அவ்விகிதத்தை எங்கிருந்து பெற்றனர் என்பதும் அவர் வினவியவற்றுள் ஒன்று.

கணக்கு எளியதே. தாளின் அகலத்தை ஒன்று என்க. நீளத்தை நீ என்க. நடுவே வெட்டிய துண்டின் நீளம் ஒன்று. அதன் அகலம் நீயின் பாதி. இரண்டும் ஒத்த வடிவினவாதல் வேண்டின், நீயை ஒன்றால் வகுத்து வருவதும், ஒன்றை நீயின் பாதியால் வகுத்து வருவதும் சமமாதல் வேண்டும். எனவே நீயின் வர்க்கம் இரண்டு. நீ இரண்டின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.4142. இதனை அளவுகோலின்றியே சோதிக்கலாம். ஏ4 தாளின் மூலையொன்றை மடித்துக் குறும்பக்கம் நெடும்பக்கத்தின்மேற் படியச் செய்க. உண்டாகும் சாய்வான மடிப்புக் குறும்பக்கத்தின் மீதமைந்த சதுரத்தின் மூலைவிட்டமாகும். மற்றொரு தாளின் நெடும்பக்கத்தை அம்மடிப்பின்மேல் வைத்தால் இரண்டும் சரியாகப் பொருந்தும். புல்ஸ்காப் அரைத்தாளில் இது செய்தால், மடிப்பு ஏறக்குறைய 12 அங்குலமும் பக்கம் 13½ அங்குலமுமாய் வேறுபட்டுத் தோன்றும்.

ஈண்டுப் பிறிதொன்றும் நோக்கற்பாலது. 297, 210 என்னும் இரண்டையும் மூன்றால் வகுக்க 99, 70 என வரும். 70இன் வர்க்கம் 4,900. அதன் இருமடங்கு 9,800. ஒன்று கூட்ட 9,801. இது 99இன் வர்க்கம். ஓர் எண்ணின் வர்க்கத்தை மற்றோரெண்ணாற் பெருக்கி ஒன்று கூட்ட வர்க்கமே வருமாறு காண்டல் வர்க்கப்பிரகிருதி எனப்படும். பிரமகுப்தர் கி.பி. 628 இல் இயற்றிய நூலில் இவ்வகைக் கணக்கை ஆராய்ந்துள்ளார். அவருக்கும் நெடுங்காலம் முற்பட்ட போதாயனரின் சுல்ப சூத்திரம் சதுரத்தின் மூலைவிட்டத்தைக் காணும் விதியொன்று கூறுகின்றது. பக்கத்துடன் அதன் மூன்றிலொன்றைக் கூட்டி, அம்மூன்றிலொன்றின் நாலிலொன்றையுங் கூட்டி, கடைசியிற் கூட்டியதன் முப்பத்துநாலிலொன்றைக் கழிக்குக என்பது அவ்விதி. அது 577ஐ 408ஆல் வகுத்ததாகும். 408இன் வர்க்கத்தை இரட்டித்து ஒன்று கூட்டினும் 577இன் வர்க்கமே கிடைக்கின்றது. ஏ4 தாள் வேள்விச்சாலையிலிருந்து வந்தது எனக் கூறுவார் உளராயின் அது வெறும் மிகையுரையேயாம். மில்லிமீற்றருக்கு முழுமைப்படுத்தியபொழுது தற்செயலாக நேர்ந்த பொருத்தம் அது. எனினும் வகுப்பறையில் இரண்டின் வர்க்கமூலத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் மலிவான கருவி வாய்த்தல் அரிது.

பிரான்சில் 1798 ஆம் ஆண்டு தாள்வரி பற்றி இயற்றப்பட்ட சட்டத்தில் இவ்விகிதத்தையுடைய அளவுகள் இடம்பெற்றுப் பின்னர் மறக்கப்பட்டன. 1922 இல் ஜேர்மனியில் போஸ்ற்மன் என்பார் வகுத்த அளவுமுறை நியமமாயிற்று. 1975 இல் அதுவே சர்வதேச நியமமுமாயிற்று. போஸ்ற்மன் செய்த நுட்பம் விகிதத்தோடு பரப்பையும் பிணைத்தமையாகும். ஏ0 என்னும் முதற்றாள் 841 மில்லிமீற்றரும் 1,189 மில்லிமீற்றரும் உடையது. அதன் பரப்பு ஒரு சதுர மீற்றருக்கு 51 சதுர மில்லிமீற்றரே குறைந்தது. அதனை நான்குமுறை பாதியாக்க ஏ4 வரும். எனவே பதினாறு ஏ4 தாள்கள் ஒரு சதுர மீற்றராகும்.

இதன் பயன் நிறையை அறிவதில் விளங்கும். தாட்கட்டின் உறையில் 80 கிராம் எனப் பொறித்திருப்பது ஒரு சதுர மீற்றரின் நிறையாகும். அதனைப் பதினாறால் வகுக்க, ஒரு தாள் 5 கிராம். ஐந்நூறு தாள் கொண்ட றீம் இரண்டரைக் கிலோகிராம். உறையிற் சொன்ன நிறை உண்டோ இல்லையோ என்பதைத் தராசில் இட்டே அறிந்துகொள்ளலாம். தாவரவியல் மாணவர் இலையின் பரப்பைக் காணவும் இது உதவும். இலையைத் தாளின்மேல் வைத்து விளிம்பை வரைந்து, வரைந்தபடி வெட்டி நிறுக்கும்பொழுது 0.4 கிராம் நிறை காட்டினால், அதன் பரப்பு 50 சதுர சென்ரிமீற்றர் ஆகும்.

தடிப்பை அளத்தற்குத் தனித்தாளை அளவுகோலிற் பிடித்தலாற் பயனில்லை. ஐந்நூறு தாளை ஒருங்கே அடுக்கி அளந்தால் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வரும். ஒரு தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் என்பது பெறப்படும். அளவில் அரை மில்லிமீற்றர் தவறினும், தனித்தாளுக்கு நேரும் வழு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கேயாம்.

இக்கணக்குகள் வெறும் விநோதத்துக்கு உரியனவல்ல என்பதை இலங்கை அண்மையில் உணர்ந்தது. வாழைச்சேனையில் 1956 இல் உற்பத்தி தொடங்கிய ஆலை வைக்கோலைக் கொண்டு காகிதம் ஆக்கிய காலமும் உண்டு. ஆயினும் 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் தாளை இறக்குமதி செய்ய இயலாமற்போக, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தாளில்லாமையாற் பரீட்சை நின்றது என்பது கற்பிப்போர் எளிதில் மறக்கத்தக்க செய்தியன்று.

முந்நூறு மாணவருக்கு நான்கு பக்க வினாத்தாளொன்று ஆக்குவதாகக் கொள்வோம். இருபுறமும் அச்சிட்டால் மாணவனொருவனுக்கு இரண்டு தாள் வீதம் அறுநூறு தாள் செல்லும். ஒவ்வொரு பக்கத்தையும் ஏ5 அளவுக்குக் குறைத்தால் நான்கு பக்கமும் ஒரே ஏ4 தாளில் அடங்கும். வடிவம் ஒன்றாதலின் ஓரத்திலே சிறிதிடமும் வீணாகாது. நிழற்பிரதி இயந்திரத்தில் 71 சதவீதம் எனக் காணப்படும் எண் இக்குறைப்பையே குறிக்கும்; இரண்டின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்து வருவது அது. ஆயின் 12 புள்ளி எழுத்து இதனால் எட்டரைப் புள்ளியாகச் சுருங்கும். கொம்பும் சுழியும் குற்றும் நிறைந்த தமிழெழுத்து அவ்வளவிலே மங்கலான அச்சில் மயக்கந் தரும். எனவே மூலப்பிரதியை முதலிலேயே 14 புள்ளியில் அமைத்தல் வேண்டும். குறைத்தபின் 10 புள்ளி எஞ்சும். 14 புள்ளியில் நான்கு பக்கத்துள் அடங்காத வினாத்தாளாயின் இம்முறையை நாடாதிருத்தலே தக்கது. தாளைச் சேமிக்கப் புகுந்து கண்ணைச் செலவிடுதல் முறையன்று. பார்வைக்குறையுடைய மாணவர் பதின்மர் உளராயின், அவருக்குக் குறைக்காத பிரதியையே வழங்கினும் மேலதிகமாகச் செல்வது பத்துத் தாளே. எஞ்சுவது 290 தாள். ஒன்பது பாடங்களுக்கு அது 2,610 தாளாகி, ஐந்து றீமுக்கு மேல் நூற்றுப்பத்துத் தாள் மிகும்.