மூன்று அச்சுகளும் முத்துப் பார்களும்



மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைத் தூத்துக்குடிக் கடலோர மக்கள் ‘பார்’ என்பர். இக்கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். குளிப்புக்கு முன்னர்ப் பார்களை ஆராய்ந்து, சிப்பிகள் முதிர்ந்துள்ளனவா எனக் காண்பது வழக்கமாக இருந்தது. ஒரு பாரைக் குறிக்க மூன்று செய்திகள் வேண்டும்: கிழக்கு மேற்கில் அதன் இடம், வடக்கு தெற்கில் அதன் இடம், நீர்மட்டத்திலிருந்து அதன் ஆழம். இம்மூன்றையும் ஒருசேர உருவமாகக் காட்டுவது மூன்று அச்சுகள் கொண்ட வரைபடம். அதனை இன்று கணிப்பொறி நொடியில் வரைந்து தருகிறது. எனினும் அவ்வுருவத்திற்குப் பொருள் தருவது நம் கடமையே.

எடுத்துக்காட்டாக, 78.3, 8.8, 10 என்னும் மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது தீர்க்கரேகை என்பது தெளிவு. எஞ்சிய இரண்டனுள் அட்சரேகை எது, ஆழம் எது? தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 டிகிரியில் உள்ளது என்பதை அறிந்தவர் உய்த்துணர்வர், அறியாதவர் மயங்குவர். இரண்டையும் மாற்றிக் கொண்டாலோ, முத்துப் பார் கடலை விட்டு மேலூருக்கு அருகே நிலத்தின்மேல் ஏறிவிடும்! அச்சுக்குப் பெயரிட்டால் இம்மயக்கம் எழாது.

பெயர் மட்டும் போதுமா? போதாது, அலகும் வேண்டும். நம் கடலோடிகள் ஆழத்தைப் ‘பாகம்’ என்னும் அளவால் கூறுவர். இரு கைகளையும் அகல விரித்த நீளம் அது. மாலுமிகளின் கணக்கில் 6 அடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர். ஆகவே 10 பாகம் என்பது 18.3 மீட்டர். கடலுள் 10 மீட்டர் இறங்கினால் உடல்மீது அழுத்தம் இரு மடங்காகும். 18 மீட்டரில் அது மும்மடங்கை நெருங்கும். 10 மீட்டர் என நம்பி 10 பாகத்தில் மூழ்குவோனின் மூச்சு என்னாவது? 10 மீட்டர் ஆழத்தை 10 பாகம் எனக் கொண்டு, 12 மீட்டர் நீரில் அமிழும் கப்பலைச் செலுத்தினால் அதன் அடித்தட்டு என்னாவது? 1999-இல் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு சாரார் பவுண்டு அலகிலும் மற்றொரு சாரார் நியூட்டன் அலகிலும் கணக்கிட்டமையால் அழிந்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். பைத்தான் மொழியில் வரைபடம் தீட்ட, மேட்பிளாட்லிப் என்னும் நிரல் தொகுப்பு உண்டு. ஜான் ஹண்டர் என்பவர் உருவாக்கிய அது 2003-இல் வெளிவந்தது. அதில் மூவச்சுப் படம் வரைந்தால், அச்சுகளின்மேல் எண்கள் தாமே தோன்றும், பெயர்கள் தோன்றா. அவற்றை நாம்தான் எழுத வேண்டும். ‘செட்_எக்ஸ்லேபிள்’ என்னும் கட்டளைக்குள் ‘தீர்க்கரேகை (டிகிரி கிழக்கு)’ என்றும், ‘செட்_ஒய்லேபிள்’ என்பதற்குள் ‘அட்சரேகை (டிகிரி வடக்கு)’ என்றும், ‘செட்_இசட்லேபிள்’ என்பதற்குள் ‘ஆழம் (மீட்டர்)’ என்றும் மேற்கோள் குறிகளுக்கிடையே எழுதுக. தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட மறவாதீர். இல்லையேல் சொற்களுக்கு மாறாக வெற்றுக் கட்டங்களே தெரியும்.

அடுத்தது திசை. கணிப்பொறிக்குப் பெரிய எண் மேலே, சிறிய எண் கீழே. ஆழத்தை அவ்வாறே விட்டால் கடற்பள்ளம் குன்றாகவும், பார் பள்ளமாகவும் தலைகீழாகும். ‘இன்வர்ட்_இசட்ஆக்ஸிஸ்’ என்னும் கட்டளை அச்சைத் திருப்பி, நீர்மட்டத்தை மேலே நிறுத்தும்.

மற்றொன்றும் உண்டு. 20 கிலோமீட்டர்ப் பரப்பையும் 20 மீட்டர் ஆழத்தையும் ஒரே நீளமுள்ள அச்சுகளில் வரைந்தால், ஆழம் 1000 மடங்கு மிகைப்பட்டுத் தோன்றும். மெல்லச் சரியும் கடலடி செங்குத்தான மலைச்சரிவு போலாகும். கண்ணுக்குத் தெரிய அம்மிகை தேவையே. ஆயின் அதனைப் படிப்பவர்க்கு உரைத்தல் வேண்டும்.

அதற்குரிய இடம் தலைப்பு. ‘செட்_டைட்டில்’ என்னும் கட்டளையால் அதனை எழுதலாம். ‘வரைபடம் 1’ என்பது தலைப்பன்று. எப்பொருள், எவ்விடம், எவ்வாண்டு, ஆழம் எத்துணை மடங்கு பெருக்கப்பட்டது என்னும் நான்கையும் சொல்வதே நல்ல தலைப்பு.

மாணவர்களே! படத்தை வரைந்தவர் அருகில் நின்று விளக்கிக் கொண்டிருக்க இயலாது. அவர் இல்லாத இடத்திலும், இல்லாத காலத்திலும் படம் தானே பேச வேண்டும். அச்சின் பெயரும் அலகும் திசையும் தலைப்புமே அதன் வாய்மொழி. அடுத்த முறை நீங்கள் ஒரு வரைபடம் வரைந்ததும், அதனை ஒன்றும் அறியாத நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். உங்களிடம் ஒரு கேள்வியும் கேளாமல் அவர் அதைப் படித்துவிட்டால், உங்கள் பணி நிறைவுற்றது எனக் கொள்ளுங்கள்.